பென்சிலால் எழுதியது

வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து வேண்டுமாம்.
வரும் ஐந்தாண்டுகளில் எங்கள் வேதியியல் துறை
எதையெல்லாம் முக்கியம் என்று நினைக்கப்போகிறது எனப்
பதிவாளர் அலுவலகம் அனுப்பிய படிவத்தில்
ஐந்து கட்டங்கள். கட்டத்துக்கு நாற்பது சொல்.

குறிப்பெடுப்பது நான்.
கடைசியாகச் சேர்ந்தவளுக்கு அந்த வேலை.
‘பென்சில்ல எழுதும்மா’ என்றார் துறைத்தலைவர் குற்றாலிங்கம்,
‘மூணு மணிக்குள்ள முப்பது தரம் மாறும்லா.’

முதல் கட்டத்தில் பசுமை ஹைட்ரஜன்.
யாரும் மறுக்கவில்லை, மறுக்க வழியில்லாத சொல்.
பங்குனி வெயிலில் ஜன்னலுக்கு வெளியே தூரத்துக் காற்றாலை
கைகளை விரித்தபடி சும்மா நின்றது.

இரண்டாவது மின்கலம்.
சோடியமா லித்தியமா என்று அரைமணி நேரம்.
எங்களிடம் இருப்பது ஓர் ஆர்கான் உருளை.
தட்டிப் பார்த்தால்
வெண்கலப் பானையைப் போலச் சத்தம் வரும்.

மூன்றாவது தண்ணீர். இங்கேதான் சண்டை.
தாமிரபரணி என்று பெயர் போட வேண்டும் என்றார் ஞானதிரவியம்,
ஆற்றின் பேர் இருந்தால் பணம் தருகிறவர்கள் இளகுவார்களாம்.
‘பேரைப் போட்டா தண்ணிய எடுத்துப் பாக்கணும்லா?
பாத்தா, வந்தத எழுதணும்லா?’
கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.
பிறகு ‘நன்னீர் அமைப்புகள்’ என்று எழுதச் சொன்னார்கள்.
ஆற்றை அழித்தேன். ரப்பர்த் துகள்
கறுப்பாக உருண்டு மேசைவிளிம்பில் நின்றது.
எழுத்து போனபின்பும் காகிதத்தில் அதன் பள்ளம்
விரலுக்குத் தட்டுப்பட்டது.

(வடிநீர்க் கலத்தின் அடியிலிருந்து தினமும் காலையில்
பேச்சிமுத்து சுரண்டிப்போடுகிற சுண்ணாம்புப் பொருக்கு
ஒரு கட்டத்திலும் வரவில்லை.)

நான்காவது, கணினிவழி மருந்து வடிவமைப்பு.
புதிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை.

ஐந்தாவதில் பேனாவைத் தட்டிக்கொண்டு எல்லோரும் இருந்தபோது
ஆய்வு மாணவர்களின் சார்பில் பின்வரிசையில் இருந்த
ரஹ்மத் நிஷா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், எழுந்தாள்.
‘காலம் காய்ஞ்சிரும் சார்.’
பதில் வருமுன் செருப்புச் சத்தம் வராந்தாவில் ஓடியது.

சிலிக்கா அடைத்த கண்ணாடித் தூணை
நாங்கள் காலம் என்றுதான் சொல்வோம்.
ஆங்கிலச் சொல் எங்கள் நாக்கில் புரண்டு அப்படி ஆகிவிட்டது.
மேலே கரைப்பான் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.
ஒருமுறை காய்ந்தால் வெடிப்பு விடும்.
வெடித்த காலத்தில் எதுவும் பிரியாது,
எல்லாம் கலங்கலாக இறங்கும்.

அவள் கொண்டுவருவது மேலப்பாளையத்துப் பீடிக்கடைகள்
தூற்றி ஒதுக்குகிற புகையிலைத் தூசி.
மூட்டை மூட்டையாக, மொபெட்டில், முன்னால் வைத்து.
அதற்குள் மருந்துக் கம்பெனிக்காரர்கள் தேடுகிற
நீண்ட சங்கிலி ஒன்று மெழுகுபோல ஒளிந்திருக்கிறது.
‘அத அஞ்சாவதா போடலாமே’ என்றேன்.
‘புகையிலைன்னு பாத்தா மேல தள்ளிருவாங்க.’
‘வேளாண் கழிவுன்னு போட்டா?’
‘அது வேளாண்மைக் கல்லூரிக்காரன் பாடு.’
டீ வந்தது. டீயோடு கூட்டம் கலைந்தது.
‘நீங்களே யோசிச்சு ஒண்ணு போட்டுருங்கம்மா’
என்று படிவம் என் பக்கம் நகர்ந்தது.

ஆய்வகத்தில் ஹெக்சேன் வாடை.
புகை உறிஞ்சும் பெட்டி ஓடுவதில்லை, ஜன்னல்தான் ஓடுகிறது.
முப்பத்தியோரு சோதனைக் குழாய்கள், எண்ணிட்டு வரிசையாக.
அவள் குனிந்து ஊறுகாய் ஜாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஜாடியில் அயோடின் மணிகள், ஊதாநிற ஆவி,
நடுவே பெருவிரல் அகலத் தட்டு.
அதில் பழுப்பாக ஒரு புள்ளி ஏறிவந்தது.
நிழல் இல்லை, வால் இல்லை, துணைக்கு இன்னொன்று இல்லை.
இதுவரை ஒரு குழாயிலும் இப்படி வந்ததில்லையாம்.

வெளியே எடுத்ததும் மங்கத் தொடங்கும்.
அயோடின் இருக்காது, காற்றோடு போய்விடும்.
பேனாவால் குறித்தால் மை கரைந்து மேலே ஓடும்.
‘மேடம், பென்சில் இருக்கா? சீக்கிரம்!’

கொடுத்தேன்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு புள்ளியைச் சுற்றி வட்டமிட்டாள்.
நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே
உள்ளிருந்தது போனது.
வட்டம் இருந்தது.

அடுத்த தட்டை அவள் ஜாடிக்குள் இறக்கினாள்.
நாளை வெள்ளி.
பென்சிலை நான் திருப்பிக் கேட்கவில்லை.